நம்பாத இடம்

“கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி பேசறாங்கடி உன்கிட்ட” என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தலையைப் பின்னிக்கொண்டே, எங்கள் இசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்திருந்த குரல் பதிவுகளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று காலை நான் வாசித்ததைப் பற்றி இரண்டு பேர் பேசியிருந்தார்கள். “சூப்பர் தங்கச்சி, அந்த அஞ்சாவது குழாய் இருக்கே, வேற லெவல்!” என்று ஒருவர். “ரொம்ப நன்னா இருந்துதுடி, இப்படியே பண்ணு” என்று இன்னொருவர். மூன்றாவது தடவையாக நான் போட்டபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டு அப்படிச் சொன்னாள்.

“இன்னாமா சொல்ற நீ? அவங்கல்லாம் எவ்ளோ விஷயம் தெரிஞ்சவங்க தெரியுமா?”

“தெரிஞ்சவங்கதான். நான் இல்லன்னா சொன்னேன்? கடையில நான் இன்னா சொல்வேன்? ‘மேடம், இந்தக் கலர் உங்களுக்கு அப்படியே தூக்குது மேடம்.’ அதே குரல்தான் இது. உங்க சித்தி வந்தா அப்படியா சொல்வேன்? ‘ஏய், இத்த கட்டினா மூட்ட மாதிரி கீற, வேற எடு’ன்னுவேன்.”

அம்மா தி.நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். முதலில் மடித்து வைக்கிற வேலை, பிறகு விரித்துக் காட்டுகிற வேலை. பில் எழுதுவது வேறு ஆள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவளும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. அப்பா எங்கள் சிந்தாதிரிப்பேட்டையிலேயே வண்டி உதிரி பாகக் கடைகளில் சுமை இறக்குகிறார். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் க்யூசி பார்க்கிறேன். கடைந்து வரும் பாகங்களை அளந்து, சரியானதை ஒரு பக்கமும் சரியில்லாததை இன்னொரு பக்கமும் வைப்பதுதான் என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. எங்கள் வீட்டிலேயே முதலில் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால், கிறுக்க மாட்டேன். முழுப் பெயரையும் நிதானமாகப் போடுவேன்.

ஆகவே அம்மா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். ஆனாலும் நினைத்தேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் கூடுகிறோம். கீபோர்டில் ஒரு ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரை பன்னிரண்டு கட்டைகள் இருக்கும். ஏன் பன்னிரண்டு மட்டும்? ஏழாகப் பிரித்தால் என்ன, பத்தொன்பதாகப் பிரித்தால் என்ன, சமமே இல்லாமல் நம் காதுக்குத் தோன்றியபடி பிரித்தால் என்ன? இப்படிக் கேட்டுக்கொண்டு, அவரவர் வாத்தியத்தை அவரவர் கணக்கில் சுருதி சேர்த்து வாசித்துப் பார்க்கிறவர்கள் நாங்கள். வெளியாட்கள் எங்களைக் கேட்டதும் சொல்வது ஒன்றுதான்: சுருதி சேரவில்லை.

வந்து போகிறவர்கள் சிலர் உண்டு. நிலையாக இருப்பது நால்வர். வீட்டுக்காரர் ஒரு வயலின் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் சின்ன வயதிலிருந்து முறையாகக் கற்று, மேடைக் கச்சேரி செய்தவர். பிறகு அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அடுத்தவர் கீபோர்டு அண்ணன். தி.நகரில் அவர்கள் குடும்பத்துப் பாத்திரக்கடை இருக்கிறது. ஊர் விருதுநகர்ப் பக்கம். மூன்றாமவர் கிட்டார்க்காரர். ராயப்பேட்டை. என்னைவிட இரண்டு வயது பெரியவர். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் மெட்டுக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, வேண்டிய இடத்துக்கு நகர்த்துகிற மாதிரிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய மாமாவுக்கு மரக்கடை. நான்காவது நான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு குழாய்த் துண்டால். பட்டறையில் வெட்டி மிஞ்சிய அலுமினியக் குழாய் ஒன்று தரையில் விழுந்து, நான் திரும்பிப் பார்க்கும்வரை ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்து நூலில் கட்டி, சாவியால் தட்டி, வீடியோ எடுத்துப் போட்டேன். யாரோ யாருக்கோ அனுப்ப, கடைசியில் கிட்டார்க்காரர் என்னைத் தேடிப்பிடித்து எழுதினார்: “இது இன்னா பைப்பு? எத்தினி வச்சிருக்க? ஞாயித்துக்கிழம எடுத்துனு வா.”

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வாசித்து முடித்ததும் கைதட்ட மாட்டோம். ‘தப்பு’ என்ற சொல்லையும் சொல்ல மாட்டோம். வெளியில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான் எல்லோரும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதோடு, எங்கள் இசையில் எது சரியான இடம் என்பது வாசிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகையால் சுற்றி வந்து ஒவ்வொருவரும் “இந்த இடத்தை நான் நம்பல” என்று சொல்ல வேண்டும். நீ இந்தச் சுரத்தை நினைத்துத்தான் வைத்தாய் என்பது எனக்குக் கேட்கவில்லை என்று அதற்குப் பொருள். வாசித்தவர் பென்சிலை வைத்துக்கொண்டு குறித்துக்கொள்வார். சண்டையும் போடுவார். அன்று காலைகூட கிட்டார்க்காரருக்கு முக்கால் மணி நேரம் நடந்தது. “அந்த ரெண்டாவது திருப்பத்துல நீ தூங்கிட்டே” என்றார் அக்கா. “ஆமா, நீங்க தாலாட்டு பாடினீங்க” என்றார் அவர். கீபோர்டு அண்ணன் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

எனக்கு எப்போதும் டீ மட்டும்தான் கிடைத்தது. நான் வாசித்து முடிப்பேன், அக்கா எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பார், “சூப்பர்ம்மா” என்பார்கள். எட்டு மாதமாக ஒருவர்கூட என்னிடம் நம்பாத இடம் சொன்னதில்லை. அதுவரை நான் அதற்கு வைத்திருந்த காரணம் எளிது: நான் அவ்வளவு நன்றாக வாசிக்கிறேன். அம்மா கத்தியைக் கீழே வைத்த அந்தச் சாயங்காலம் அந்தக் காரணம் லேசாக ஆட்டம் கண்டது.

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கவே மறுநாள் அந்த ஐந்தாவது குழாயைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்பது குழாய்கள் கொண்ட புது வாத்தியம் அது. மரச் சட்டத்தில் நூல் கட்டி வரிசையாக வைத்து, ரப்பர் உருண்டை வைத்த குச்சியால் தட்டி வாசிப்பது. அந்த ஐந்தாவதைத்தான் கீபோர்டு அண்ணன் அப்படிப் புகழ்ந்திருந்தார். “அது எங்கேயும் உக்கார மாட்டேங்குது பாத்தியா? தொங்கிக்கிட்டே நிக்குது. எப்படித் தங்கச்சி யோசிச்சே இத?” என்று காலையில் நேரிலேயே கேட்டார். “சும்மா தோணுச்சுண்ணா” என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கணக்குப் போட்ட இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் தோன்றியதாகச் சொல்ல நன்றாக இருந்தது. அந்தக் கணக்கையும் அளவையும் அழகாக ஒரு தாளில் எழுதி, படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்பது என் திட்டம்.

மதிய இடைவேளையில் குழாயைத் தட்டி, போனில் சுருதி பார்க்கும் ஆப்பைக் காட்டினேன். என் கணக்கில் இருந்த இடத்தைவிட ஏறி ஒலித்தது. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை நூறு பங்காக வைத்தால், அதில் பதினைந்து பங்கு. சாதாரணமாகக் கேட்கிறவருக்கு இது ஒன்றும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் எல்லாமே.

எப்படி நடந்தது என்பது இரண்டு வாய் சோறு உள்ளே போவதற்குள் புரிந்துவிட்டது. குழாயைக் கொஞ்சம் நீளமாக வெட்டிக்கொண்டு, முனையை அரைக்க அரைக்கச் சுருதி ஏறும். வேண்டிய இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். கிரைண்டரில் அரைத்தால் குழாய் சூடாகும். சூடான உலோகம் சற்று இறங்கி ஒலிக்கும். ஆறியதும் மேலே ஏறிவிடும். மற்ற எட்டையும் ஆறவைத்துப் பார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் இடைவேளை முடியப்போகிற அவசரத்தில் துணியால் பிடித்துச் சூட்டோடு சேர்த்துவிட்டேன். தினமும் லேத்துக்காரர்கள் சூடான பாகத்தை என் மேஜைக்கு எடுத்து வந்தால், “எடுத்துனு போ, ஆறட்டும், அப்புறம் அளக்கறேன்” என்று திருப்பி அனுப்புகிறவள் நான்தான்.

சோற்றை மூடி வைத்துவிட்டேன். தப்பு செய்தது பெரிய விஷயமாகப் படவில்லை. பாகம் தப்பாக வந்தால் வேறு கடைந்துகொள்ளலாம். ஆனால் அந்த அறையில் இருந்த மூன்று பேருடைய காதும் எனக்குத் தெரியும். அக்காவால் இதில் பாதியைக்கூடப் பிடித்துவிட முடியும். ஒருவரும் “இதை நினைச்சுத்தான் வச்சியா?” என்று கேட்கவில்லை. அதே குழாயைப் புகழவும் செய்தார்கள். போதாததற்கு, அடுத்த மாதம் அடையாறில் எங்கள் குழு வாசிக்கப்போகிற நிகழ்ச்சியில் எனக்குத் தனியாகப் பதினைந்து நிமிடம் தருவதாக அக்கா சொல்லியிருந்தார். என் வாசிப்பை உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத் தருகிறார்களா, கேட்காமலே தருகிறார்களா? இது தெரியாமல் அந்த மேடையில் நான் உட்கார முடியாது.

அன்றிரவு கீபோர்டு அண்ணன் ஒரு பதிவு போட்டார். என் ஐந்தாவது குழாய்க்குத் தக்கபடி தன் கீபோர்டு முழுவதையும் மாற்றிச் சுருதி சேர்த்திருந்தார். கூடவே இரண்டு இதயங்கள். நான் பதிலுக்குக் கை கூப்புகிற படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வாரம் புதிதாக ஒரு குழாய் வெட்டினேன். அரத்தால் கையாலேயே ராவி, ஆறவைத்து, மறுநாளும் பார்த்து, சரியான இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டத்தில் வைத்துக்கொண்டு, பழையதைப் பையில் போட்டுக்கொண்டு பறக்கும் ரயில் ஏறினேன். குழாயை மாற்றியதைச் சொல்லாமல் வாசித்து, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க முடிவு செய்திருந்தேன். இது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வாசித்து முடித்தேன்.

“அதே அஞ்சாவது!” என்றார் கீபோர்டு அண்ணன். “இன்னைக்கு இன்னும் உருக்கிருச்சு தங்கச்சி.”

“நன்னா இருந்துதும்மா” என்று அக்கா எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தார். கிட்டார்க்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, டீ போடாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. பையிலிருந்து பழைய குழாயை எடுத்து நூலில் தொங்கவிட்டுத் தட்டினேன். பிறகு புதியதைத் தட்டினேன். “இது போன வாரத்து அஞ்சாவது. இது இன்னிக்கு வாசிச்சது. போன வாரம் நான் சூட்டோட வச்சு சுருதி பாத்துட்டேன். யோசிச்சு வச்சது இல்ல. தெரியாம வந்த தப்பு.”

அந்த அறையில் அந்தச் சொல்லை முதலில் சொன்னது நானாகத்தான் இருக்கும். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவே இல்லை.

“அப்ப நான் கீபோர்ட பூரா மாத்தினேனே!” என்றார் கீபோர்டு அண்ணன்.

கிட்டார்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அவருக்கு முக்கா மணி நேரம் சொல்றீங்க. எனக்கு டீ குடுக்கறீங்க. இன்னாத்துக்குக்கா?” என்றேன். பொதுவாக அந்த வீட்டில் நான் ‘என்ன’ என்றுதான் பேசுவேன். அன்று அது வரவில்லை.

அக்கா திரும்பி வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். “எனக்குப் போன வாரமே கேட்டுது” என்றார்.

“அப்போ ஏன் சொல்லல?”

“நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துண்டிருந்தா. வீணை. காலேஜ் படிச்சிண்டிருந்தா. எங்க எல்லாரையும்விட நல்ல கற்பனை அவளுக்கு. ஒரு நாள் நாங்க மூணு பேருமா உக்காந்து, அவ வாசிச்சதை ஒரு மணி நேரம் பிச்சுப் பிச்சுப் போட்டோம். நல்லதுன்னு நினைச்சுண்டுதான். அடுத்த வாரம் வரலை. அதுக்கடுத்த வாரமும் வரலை. அவாத்துக்கே போய்ப் பார்த்தேன். வீணையை யாருக்கோ குடுத்துட்டேன்னா. சிரிச்சிண்டேதான் சொன்னா.” அக்கா என் சட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். “அப்பறம் நீ வந்தே. அவ்வளவு பெரிய பையைத் தூக்கிண்டு, படியேறி மூச்சு வாங்கிண்டு நின்னே. இவளும் போயிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துது.”

அக்கா பொய் சொல்லவில்லை. அந்தப் பயத்தில் அன்பு இருந்தது. இருந்தாலும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து நின்றது. “நான் போயிடுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாக்கா? பாலிடெக்னிக்ல கணக்குல ரெண்டு தடவ ஃபெயில் ஆனேன். வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் கிடையாது. போகலையே. மூணாவது தடவ எழுதினேன்.”

“எனக்கு நிஜமாவே கேக்கலை தங்கச்சி” என்று கீபோர்டு அண்ணன் பாவமாகச் சொன்னார். “நான் பொய்யா புகழலை. எனக்கு அது நிஜமாவே பிடிச்சிருந்துச்சு. இப்பவும் பிடிக்குது. தப்பா பொறந்தா என்ன, குரல் நல்லாத்தானே இருக்கு?”

அவரிடம் கோபப்பட முடியவில்லை. பழைய குழாயை அவர் பக்கம் தள்ளினேன். “எடுத்துக்கோங்கண்ணா.” அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“சரி” என்றார் கிட்டார்க்காரர். “எனக்கும் கேட்டுச்சு. போன வாரம் வாயத் தொறந்தேன், அக்கா கண்ணால ஒரு அடி குடுத்தாங்க. இப்போ சொல்லவா? அழ மாட்டியே?”

“சொல்லுங்க.”

“அஞ்சாவத வுடு. அது பத்திப் பேச்சே இல்ல. ஏழாவதுல நூல் நகந்துகினு கீது, அடிச்ச உடனே செத்துப் போவுது. அத்த மொதல்ல பாரு. ரெண்டாவது, எல்லாத்தையும் ஒரே மாதிரி தட்டற. வாசிக்கறியா, கதவத் தட்டறியா?”

“அது நான் வேணும்னேதான்...”

“வேணும்னேன்னா அது எனக்குக் கேக்கணும்ல? நான் நம்பல.” அவர் நிறுத்தவில்லை. “மூணாவது. ஒம்போது குழாய் வச்சிக்கினு ஆறுலயே சுத்திக்கினு கீற. மீதி மூணு இன்னாத்துக்கு? அழகுக்கா?”

நான் அந்த மூன்று குழாய்களைப் பார்த்தேன்.

“நான் சொல்லவா? அந்த ஆறும் எங்ககிட்டேர்ந்து எடுத்தது. இது அக்காவோட சுரம், இது அண்ணனோடது, இது என்னுது. எங்களுக்குப் புடிக்கும்னு உனக்குத் தெரியும். அந்த மூணுதான் நீயா கண்டுபுடிச்சது. அத்த மட்டும் தொடவே மாட்டேன்ற.”

இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அது உண்மை. அந்த மூன்று குழாய்களின் ஒலி அந்த வீட்டில் இருந்த எதோடும் சேராது. வீட்டில் தனியாக இருக்கும்போது அவற்றை மட்டும்தான் தட்டிக்கொண்டிருப்பேன். இங்கே வந்தால் கை அந்தப் பக்கம் போகாது. யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது என்று எனக்குத் தெரியாமலே நான் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தேன்.

கண் கலங்கிவிட்டது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார். எட்டு மாதத்தில் அந்தப் பென்சில் முதல்முறையாக என் பக்கம் வந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினேன்: நூல். தட்டுவது. மூன்று குழாய்.

நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கிட்டார்க்காரர் சொன்னார்: “இன்னொண்ணும் கீது, அத்தயும் எழுதிக்க. எட்டு மாசமா எனக்கு இன்னா சொல்லியிருக்க நீ? ‘சூப்பர்ண்ணா.’ அவ்ளோதான். அஞ்சாவது தப்புன்னு நீயேதான கண்டுபுடிச்ச? அந்தக் காது நான் வாசிக்கசொல்லோ எங்க போவுது?”

அவர் சொன்னதில் அதிகமாக வலித்தது இதுதான். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசிப்பில் எனக்கு எத்தனையோ இடங்களில் உறுத்தியிருக்கிறது. சொல்ல நான் யார் என்று விட்டிருக்கிறேன். அடக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் லேத்துக்காரர் என் அப்பா வயதானாலும், பாகம் சரியில்லையென்றால் முகத்துக்கு நேராக எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறவள் நான். அங்கே வராத அடக்கம் இங்கே மட்டும் ஏன் வந்தது? அவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைக்கவில்லை என்று அவ்வளவு கோபப்பட்டேனே, நானும் என்னை அப்படி நினைத்திருக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு?”

“திட்டினாங்கம்மா” என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“எவன் அவன்? எந்த ஏரியா?” என்று அம்மா புடவையை இடுப்பில் செருகினாள். புகழ்ந்தாலும் ஆகவில்லை, திட்டினாலும் ஆகவில்லை. அவளை உட்காரவைத்துச் சமாதானம் செய்வதற்குள் சாதம் குழைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கிட்டார்க்காரர் வாசித்து முடித்ததும் நான் முதலில் பேசினேன். வேகமாகப் போகும் பகுதியில் அவர் தன் சுரங்களைத் தொட்டுவிட்டு ஓடுகிறார், நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “கேட்டது நான்தான், ஒத்துக்கறேன். அதுக்காக இவ்ளோவா?” என்றார். இரண்டு நாள் அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பகுதியை மட்டும் மெதுவாக வாசித்து அனுப்பியிருந்தார். கேட்டுவிட்டு, “இப்போ நம்பறேன்” என்று எழுதினேன். “ஒரு இடம் மட்டும் இல்ல” என்றும் சேர்த்தேன். கையெடுத்துக் கும்பிடும் படம் ஒன்று வந்தது. ஒன்றில்லை, பதினோரு படம்.

அடையாறு நிகழ்ச்சி போன மாதக் கடைசியில் நடந்தது. மாடியில் ஒரு சின்னக் கூடம், நாற்பது நாற்காலி. நான் அந்த மூன்று குழாய்களில் தொடங்கி, அவற்றிலேயே வெகுநேரம் இருந்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டார். பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள். முடித்ததும், தெரியாத பெண் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னமோ பண்ணிடுச்சு” என்றாள். அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். கதவோரம் கிட்டார்க்காரர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். இரண்டு இடம். பத்து நிமிடம் கழித்து வெளியே படிக்கட்டில் நின்று அவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அன்று கடைசியாக வாசித்தவர் அக்கா. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அடுத்த ஞாயிறு மந்தைவெளியில் அவருடைய முறை வந்தபோது, நாங்கள் சுற்றி உட்கார்ந்தும் ஒருவரும் நம்பாத இடம் எதையும் சொல்லவில்லை. “பிரமாதம்க்கா” என்றார் அண்ணன். “அத்த நாங்க இன்னா சொல்றது” என்றார் கிட்டார்க்காரர். அக்கா சிரித்துவிட்டு டீ போட எழுந்தார். அவருக்கும் ஒருநாளும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய வீடு, அவருடைய டீ, அவருடைய இருபது வருட மேடை. அடுப்படியில் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல இருந்தது. அடையாறில் அவர் வாசித்ததன் பதிவை நான் ஆறு முறை கேட்டேன், இயர்போன் வைத்து, பட்டறைக்குப் போகும் பஸ்ஸில். செய்தியை எழுத மூன்று நாளானது. கடைசியில் இருந்த ஒரு ‘மன்னிச்சுக்கோங்க’வை எடுத்துவிட்டு, வியாழக்கிழமை மதியம் அனுப்பிவிட்டேன். “அக்கா, முடிவுல கீழ்த் தந்திக்கு இறங்கறப்போ, நீங்க புதுசா கண்டுபிடிச்ச இடத்துக்குப் போகாம, சின்ன வயசுலேர்ந்து பழகின பழைய இடத்துக்கே விரல் போயிடுது. நாலு தடவையும் அப்படித்தான். கேட்க சுகமா இருக்கு, ஆனா நீங்க அங்க போகணும்னு நினைச்சுப் போகலைன்னு தோணுது. ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கே வரேன். மத்தவங்க வர்றதுக்குள்ள அந்த இறக்கத்தை மட்டும் எனக்கு நாலஞ்சு தடவை வாசிச்சுக் காட்டுங்க.”